முறுக்கில் ஒளிந்த கோதுமை

ஊருக்குப் புறப்படும்போது சாலைக் கடைத்தெருவில் இரண்டு பாக்கெட் முறுக்கு வாங்காத தமிழர் திருவனந்தபுரத்தில் உண்டா? எங்கள் அலுவலக நண்பர் ஒருவருக்கு மட்டும் அந்தப் பாக்கியமில்லை. அவர் மகளுக்குச் சீலியாக் நோய். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சிறிதளவு சேர்ந்தாலும் குடலின் உட்புறம் கெட்டுவிடுமாம்.

அரிசி முறுக்கில் கோதுமை ஏது என்பீர்கள். கடையில் விற்கும் பெருங்காயம் அநேகமாகக் கூட்டுப் பெருங்காயமே. அதில் மைதாவும் கலப்பதுண்டு. மைதா பட்சணம் பொரித்த எண்ணெயில் நேந்திரங்காய் சிப்ஸைப் போட்டால் அதுவும் போயிற்று!

குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் பாக்கெட்டில் அறிவிக்க வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டு மத்திய விதி. நல்லதுதான். ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதுமாம். தமிழும் மலையாளமும் கம்பெனிக்காரர் இஷ்டம். தம்பானூரில் மூட்டை சுமக்கும் நம்மவர் அந்தக் கடுகு எழுத்தை எப்படிப் படிப்பார்? கடையிலேயே நிறுத்துக் கட்டும் பாக்கெட்டுகள் பலவற்றில் அதுவுமில்லை.

இங்கே பட்சணம் விற்பவர்களில் நம்மவரும் உண்டு. விதி திருந்தும்வரை காத்திராமல், 'கோதுமை சேர்ந்தது' என்று இரு மொழியிலும் ஒரு வரி ஒட்டினால் என்ன செலவாகிவிடும்?

நண்பர் வீட்டில் இப்போது முறுக்கைத் தாங்களே சுடுகிறார்கள், பெருங்காயம் போடாமல்.