கடலோரத்தில் கனவு வீடு! அந்நிய நாட்டில் வாங்கலாமா?

ஒரத்தநாட்டில் கடல் கிடையாது.

வயல் உண்டு. தென்னந்தோப்பு உண்டு. புது ஆற்றுத் தண்ணீர் உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமானால் பட்டுக்கோட்டையைத் தாண்டி மல்லிப்பட்டினம் வரை போக வேண்டும்.

ஆனாலும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் இப்போது கடலோர வீட்டைப் பற்றிய பேச்சு அடிபடுகிறது. பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். மலேசியாவில் இருக்கிறார்கள். துபாயில் இருக்கிறார்கள். அங்கே வீடு வாங்க ஆசைப்படுகிறார்கள்.

ஒரு வீட்டில் இரவு டெலிபோன் மணி அடிக்கிறது. மகன் பேசுகிறான்.

"அம்மா! ஜன்னலைத் திறந்தா கடல்தாம்மா!"

"கடல் இருக்கட்டும்ப்பா. பத்திரம் யார் பேர்லே இருக்கும்?"

தாய் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு பதில் சொல்கிறது.

சிங்கப்பூரில் என்ன சட்டம்?

சிங்கப்பூர் சிறிய நாடு. அங்கே நிலம் தங்கம். அதனால், 1973-ம் ஆண்டு முதலே, மண்ணோடு சேர்ந்த தனி வீட்டை வெளிநாட்டார் வாங்கக் கட்டுப்பாடு உண்டு. சர்க்கார் அனுமதி வேண்டும். சென்டோசா தீவில் கடலோரமாக ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கே மட்டும்தான் வெளிநாட்டார் அனுமதி பெற்றுத் தனி வீடு வாங்க வழி இருக்கிறது.

தனியார் அடுக்கு மாடி வீட்டை வாங்கலாம். ஆனால் வரி!

2023 ஏப்ரல் 27-ந் தேதி முதல், வெளிநாட்டார் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரை வரி 60 சதவிகிதம். வீட்டின் விலை 10 லட்சம் வெள்ளி என்று வைத்துக் கொள்ளுங்கள். கூடுதல் வரி மட்டும் 6 லட்சம் வெள்ளி! சாதாரண முத்திரை வரி அதற்கு மேல். நிரந்தரவாசம் பெற்றவர் முதல் வீடு வாங்கினால் இந்தக் கூடுதல் வரி 5 சதவிகிதம்தான். சிங்கப்பூர்ப் பிரஜைக்கு முதல் வீட்டுக்கு அது கிடையாது.

ஒரே வீடு. ஒரே விலை. வாங்குகிறவர் கையில் இருக்கும் அட்டையைப் பொறுத்து வரி மாறுகிறது.

வீவக என்று சொல்லும் சர்க்கார் அடுக்கு வீடுகளும் கடலோரத்தில் இருக்கின்றன. கடலைத் தூர்த்து உண்டாக்கிய மண்ணில் எழுந்த மரின் பரேட் பகுதி அதில் ஒன்று. அந்த வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு உட்பட்டவை. பழைய வீட்டை வாங்கும்போது, எத்தனை ஆண்டு பாக்கி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இலங்கையும் துபாயும்

அடுத்தது இலங்கை. கூப்பிடு தூரத்து நாடு. அங்கே 2014-ம் ஆண்டில் 38-வது எண் சட்டம் வந்தது. வெளிநாட்டார் பெயருக்கு நிலத்தைச் சொந்தமாக எழுத முடியாது. 99 ஆண்டுக்கு மேற்படாத குத்தகை எடுக்கலாம். அடுக்கு மாடியில் 4-வது மாடியிலும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு விலக்கு உண்டு.

துபாயில் 2002 முதல், குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டாரும் சொந்தமாகவே வாங்கலாம். கடலுக்குள் மணலைக் கொட்டி, பேரீச்ச மரம் போல் கட்டிய தீவிலும் வாங்கலாம்.

எனவே, "வெளிநாட்டில் வீடு" என்று பொதுவாகப் பேசுவதில் பயன் இல்லை. எந்த நாடு, எந்த மாடி, என்ன விதமான உரிமை என்று கேட்க வேண்டும்.

பணம் எப்படிப் போகும்?

மகன் அங்கே சம்பாதித்த பணத்தில் அங்கே வாங்கினால் நம் நாட்டுச் சட்டம் தடுப்பதில்லை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்த வீட்டை வைத்துக் கொள்ளலாம். ஆனால் வருமான வரிக் கணக்கில் அந்த வீட்டைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015-ம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் பாயும். அபராதம் 10 லட்சம் ரூபாய்!

இங்கே இருக்கும் தகப்பனார் பணம் அனுப்பினால் விஷயம் வேறு. ரிசர்வ் பாங்கு விதிப்படி ஒருவர் ஒரு நிதி ஆண்டில் இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். ஆனால் இப்படிச் சொத்து வாங்க அனுப்பும் பணத்துக்கு இங்குள்ள பாங்கு கடன் கொடுக்கக் கூடாது. அதாவது, வீட்டை அடமானம் வைத்து, பாங்கில் கடன் வாங்கி, கடல் கடந்து அனுப்பலாம் என்ற யோசனை செல்லாது.

இன்னும் ஒன்று. ஓர் ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு 20 சதவிகிதம் வரியை பாங்கு முன்கூட்டியே வசூலிக்கும். இந்த 10 லட்சம் வரம்பு 2025 ஏப்ரலில் வந்தது. 30 லட்சம் அனுப்பினால் 4 லட்சம் தனியாகக் கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்குக் கொடுத்து அதைக் கழித்துக் கொள்ளலாம், திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

உப்பு செய்யும் வேலை

பத்திரம் முடிந்தது. சாவி கைக்கு வந்தது. இனி ரிப்பேர்!

கடலோர வீட்டுக்குத் திருடனைவிடப் பெரிய எதிரி உப்பு. உப்புக் காற்று சிமெண்டுக்குள் மெல்ல இறங்குகிறது. உள்ளே இருக்கும் கம்பியைத் துரு பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக் கொள்ளும். கம்பி பருக்கிறது, மேலே இருக்கும் காரை வெடித்துப் பெயர்கிறது. வெறும் பூச்சு வேலை செய்து பயன் இல்லை. கெட்ட பாகத்தை வெட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்த பிறகுதான் பூச வேண்டும். வீடு பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்க்கக் கூடாது. கூரையின் அடிப்பக்கத்தில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் ஊரில் கொத்தனாரைக் கூப்பிட்டு, "சுவரை இடி" என்றால் இடித்து விடுவார். சிங்கப்பூர் வீவக வீட்டில் அது நடக்காது. சுவரை இடிக்க அனுமதி வாங்க வேண்டும். பதிவு பெற்ற காண்டிராக்டர்தான் வேலை செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சத்தமான வேலை கூடாது. புது வீட்டில் குளியலறைத் தரை ஓட்டை முதல் 3 ஆண்டுகள் பெயர்க்கவே கூடாது. ஏன்? அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு உடைந்தால், கீழ் வீட்டுக்காரர் தலையில் தண்ணீர் சொட்டும்!

தரங்கம்பாடி சொல்லும் பாடம்

அந்நிய நாட்டுக் கடற்கரையில் வீடு கட்டிக் குடியேறிய கதை நமக்குப் புதிது அல்ல. ஒரு காலத்தில் நம் கடற்கரையே சிலருக்கு அந்நிய நாடாக இருந்தது.

1620-ம் ஆண்டு டென்மார்க்குக்காரர்கள் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து கொண்டார்கள். கடலைப் பார்த்துக் கோட்டை கட்டினார்கள். வீதி போட்டார்கள். நம் ஊர்ச் செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு வீடு கட்டி வாழ்ந்தார்கள். 1845-ல் எல்லாவற்றையும் இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

கட்டியவர்கள் போனார்கள், கடல் போகவில்லை. அங்கே பாண்டியர் காலத்து மாசிலாமணி நாதர் கோவிலின் ஒரு பகுதியை அலை அரித்துக் கொண்டு போய்விட்டது. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமியும் வந்தது. அதன் பிறகு பழைய வீடுகள் சிலவற்றைப் புதுப்பித்தார்கள். டென்மார்க் தேசிய மியூசியத்தின் துணையோடு, பழைய கவர்னர் பங்களாவையும் செப்பனிட்டார்கள்.

பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி, வெளியே விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், சுவர் கெடும். அதனால் சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து. கடலோரத்தில் வீடு வாங்குவது ஒரு நாள் செலவு. அதைக் காப்பாற்றுவது ஆயுள் செலவு.

ஊர் நிலம் என்ன ஆகும்?

இதுதான் முக்கியமான விஷயம். பலருக்குத் தெரியாததும் இதுதான்.

வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர், இந்தியப் பிரஜையாகவே இருந்தாலும், இங்கே வீடு வாங்கலாம். ஆனால் விவசாய நிலம் வாங்க முடியாது. தோப்பும் வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக் கொள்ளலாம். அவ்வளவுதான்.

தகப்பனார் இரண்டு மா நஞ்சையை விற்று மகனுக்குப் பணம் அனுப்புகிறார். பத்து ஆண்டுக்குப் பிறகு, "விற்ற நிலத்தை நானே திருப்பி வாங்குகிறேன்" என்று மகன் அங்கிருந்து சொன்னால், சட்டம் விடாது. அவன் ஊரோடு வந்து குடியேறினால்தான் முடியும். கடலோரத்தில் வீடு உள்ளவனுக்கு ஒரத்தநாட்டில் ஒரு குழி நிலம் கிரயம் ஆகாது!

வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. உழைத்த பிள்ளை, உழைத்த ஊரில் ஒரு வீடு வாங்குவது நியாயமான ஆசைதான். வாடகை கொடுத்தே வயதைக் கழிக்க யாருக்குத்தான் மனம் வரும்? நிரந்தரவாசம் கிடைத்து, குழந்தைகள் அங்கே படித்து, அங்கேயே வாழ்வது என்று முடிவு செய்தவர்கள் வாங்கட்டும். இரண்டு ஆண்டு வேலை ஒப்பந்தத்தில் போனவர்கள் அவசரப்பட வேண்டாம்.

2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்தது. கடல் கண்ணுக்குத் தெரியாத ஒரத்தநாட்டிலேயே ஓடுகள் பறந்தன. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. காற்று என்ன செய்யும் என்று இந்த ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை.

ஆகவே, மகன் டெலிபோனில் கடலைப் பற்றிப் பேசும்போது, தாய்மார்கள் நான்கு கேள்வி கேட்கட்டும். பத்திரம் யார் பேரில்? சொந்தமா, குத்தகையா? வரி எவ்வளவு? வேலை போனால் தவணையை யார் கட்டுவது?

நான்குக்கும் பதில் வந்தால், தாராளமாகப் பால் காய்ச்சலாம். வராவிட்டால், வயலை விற்க வேண்டாம்.