‘கரண்ட்’ ரூமில் ஒரு ‘பயப்படாதீங்கய்யா!’

புற்றுநோய்க்குக் ‘கரண்ட்’ வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் உங்கள் தெருவிலேயே யாராவது இருப்பார்கள். ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து அவர்களிடம் பேசிப் பாருங்கள். எந்த மெஷின், எவ்வளவு கதிர் என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவிருக்காது. பெரிய டாக்டரின் பெயர்கூடச் சிலருக்கு மறந்து போயிருக்கும். ஆனால், ‘‘வாங்க பாட்டி, இன்னிக்கு கஞ்சி இறங்குச்சா?’’ என்று தினமும் கேட்ட டெக்னீஷியன் பெண்ணை மட்டும் மறக்கவே மாட்டார்கள். அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசும்போதே கண் கலங்கிவிடும்.

நான் சித்த மருத்துவன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். ‘கதிர்வீச்சைப் பற்றி இவருக்கு என்ன வந்தது?’ என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. புற்றுநோயாளிகள் என்னைப் போன்றவர்களிடம் மூன்று சமயங்களில் வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்துகொண்டு முதலில். சிகிச்சை நடுவில், வேதனை பொறுக்காமல். எல்லாம் முடிந்த பிறகு, உடம்பு தேற. நாடி பார்க்கக் கையைப் பிடித்தால் போதும், மனசில் இருப்பதெல்லாம் வந்துவிடும். இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. அந்த டெக்னீஷியன் கேட்ட ‘கஞ்சி இறங்குச்சா’ சிகிச்சையின் மேல் தூவிய சர்க்கரை இல்லை. அதுவும் சிகிச்சையில் ஒரு பங்கு.

எப்படி என்கிறீர்களா?

முதலில் இந்தக் ‘கரண்ட்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். யார் வைத்த பெயரோ தெரியவில்லை, ஊர் ஊராகப் பரவிவிட்டது. ‘கரண்ட் வைக்கப் போறாங்க’ என்றதும் பாதி உயிர் போய்விடுகிறது. உடம்புக்குள் மின்சாரம் பாயும், ஷாக் அடிக்கும், கருகிவிடும் என்றெல்லாம் கற்பனை. மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வதில்லை. நெஞ்சுப் படம் எடுக்கும் எக்ஸ்-ரே இருக்கிறதே, அதற்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்தி பல மடங்கு அதிகம். அது புற்றுச் செல்களின் உள்ளே போய், அவை மேலும் பெருக முடியாதபடி சிதைக்கிறது. படம் எடுக்கும்போது வலித்ததா? இதுவும் வைக்கிற நேரத்தில் வலிக்காது. மேஜையில் படுத்திருப்பது சில நிமிஷம்தான். பொதுவாக வாரத்தில் ஐந்து நாள். பல புற்றுகளுக்கு ஐந்து முதல் ஏழு வாரம் வரை.

பயமெல்லாம் அந்தச் சில நிமிஷங்களில்தான். படுக்க வைத்து, உடம்பில் போட்ட கோட்டோடு ஒளிக்கோட்டைப் பொருத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுகிறார்கள். கனத்த கதவு மூடிக்கொள்கிறது. நோயாளி தனியே! வெளியில் இருப்பவர்கள் கேமராவில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், கூப்பிட்டால் மைக்கில் கேட்கும். ஆனால், இதை யாராவது சொன்னால்தானே நோயாளிக்குத் தெரியும்?

வாய், தொண்டைப் புற்று என்றால் இன்னொரு சோதனை, மாஸ்க். சல்லடை மாதிரி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டால் துவண்டுவிடும். அதை எடுத்து முகத்தின் மேல் இழுத்து அழுத்துவார்கள். சில நிமிஷத்தில் முகத்தின் அச்சாகவே இறுகிவிடும். பிறகு தினமும் அதைப் போட்டு மேஜையோடு சேர்த்துப் பூட்டித்தான் கதிர் வைப்பார்கள். தலை துளி அசைந்தாலும் கதிர் இடம் மாறிவிடுமே, அதற்காக.

என்னிடம் வருகிற தறிக்காரர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், இதைச் சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை. ‘‘டாக்டரய்யா, மாஸ்க்கை வச்சு டக்கு டக்குன்னு பூட்டினாங்க பாருங்க, உயிரோட பொட்டியில வச்ச மாதிரி இருந்துச்சு. மறுநாளே ஊருக்கு ஓடிரலாம்னு பார்த்தேன். ஒரு தம்பி, என் பேரன் வயசுதான் இருக்கும், பூட்டின மாஸ்க்கைக் கழட்டிட்டு உட்கார வச்சான். ‘பயப்படாதீங்கய்யா, மூச்சு நல்லா விடலாம். கஷ்டமா இருந்தா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திட்டு ஓடி வந்துருவேன்’னான். அப்புறம் ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன். வந்துட்டான்யா!’’

‘வந்துட்டான்யா’ என்று அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. சொன்னபடி வந்தான். அதற்குப் பிறகு அவர் ஒருமுறைகூடக் கையைத் தூக்கவில்லையாம். மீதி நாள் அத்தனையும் முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

அவர் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கதிர் சிகிச்சையை இடையில் நிறுத்தினால், மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் சும்மா இருப்பதில்லை. வேகமாகப் பெருகத் தொடங்கிவிடும். தலை, கழுத்துப் புற்றிலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றிலும், குறித்த காலத்துக்கு மேல் சிகிச்சை இழுத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு நாளுக்கும் நோய் அடங்கும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறைகிறது என்பது இந்தத் துறை மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு. பத்து நாள் விட்டால் என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால், விடுகிறார்கள். இரண்டு, மூன்று வாரம் ஆனதும் வாய்ப் புண் ஆரம்பிக்கும், எச்சில் வற்றும், சோறு மண் மாதிரி இருக்கும். கதிர் பட்ட தோல் கறுக்கும், எரியும். காரணமே இல்லாமல் அசதி. ‘வந்தபோது நல்லாத்தானே இருந்தேன், இவங்கதான் கெடுத்துட்டாங்க’ என்று தோன்றிவிடும். அந்தச் சமயத்தில்தான் பஸ் ஏறி என்னிடம் வருவார்கள். ‘‘போதும் டாக்டரய்யா, நம்ம மருந்தே குடுங்க.’’

நான் மருந்து கொடுப்பதில்லை. திருப்பி அனுப்புகிறேன். நம் மருத்துவத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாமலா? முப்பது வருஷத்துக்கு மேலாக அதில்தான் வாழ்கிறேன். ஆனால், பாதியில் நின்ற கதிர் சிகிச்சைக்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் சூரணமும் இல்லை, செந்தூரமும் இல்லை. ‘இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிகிச்சை நடக்கும் நாட்களில் நாட்டு மருந்து, பஸ்பம், கஷாயம் எதுவானாலும் கதிர்வீச்சு மருத்துவரிடம் காட்டாமல் சாப்பிடவே கூடாது. கதிர் பட்ட தோலில் மஞ்சள், எண்ணெய் எதையும் நீங்களாகத் தடவவும் கூடாது. இதைச் சொல்வதால் என் சக வைத்தியர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அப்படித் திருப்பி அனுப்பிய ஒரு அம்மாள், ரிட்டயர்டு டீச்சர், முதலில் போகவே மாட்டேன் என்றார். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி நர்ஸிடமிருந்து போன். ‘‘டீச்சர், ரெண்டு நாளா உங்களைக் காணோமே, என்னாச்சு?’’ அவ்வளவுதான்! மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டார். நான் அரை மணி நேரம் தொண்டை வற்றப் பேசியும் நடக்காதது அந்த ஒரு கேள்வியில் நடந்துவிட்டது. ‘‘என்னையும் ஒருத்தி எண்ணிக்கிட்டு இருந்திருக்கா பாருங்க’’ என்று பிறகு சொன்னார்.

இப்போது சொல்லுங்கள், அந்த போன் சிகிச்சையா, இல்லையா?

நம் மாநிலத்துக்கு இது புதிதும் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடாப்பிடியாக நின்று, 1954-ல் தொடங்கியது. அப்போது 12 படுக்கை, இரண்டே டாக்டர்கள். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி ஒருவர், டாக்டர் சாந்தா இன்னொருவர். கனடாவில் 1951-ல் கோபால்ட் கதிர் மெஷினால் முதல் முதலாகச் சிகிச்சை கொடுத்தார்கள் என்றால், 1957-ல் அந்த மெஷின் அடையாறுக்கு வந்துவிட்டது. நாட்டிலேயே முதல் கோபால்ட்-60! ஆனால் அடையாறு என்றதும் ஜனங்களுக்கு நினைவு வருவது அந்த மெஷினா? டாக்டர் சாந்தாதான். மகசேசே விருது 2005-லும் பத்ம விபூஷண் 2016-லும் வந்தன. அதற்கெல்லாம் முன்பும் பின்பும் அவர் வாழ்ந்தது ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு சின்ன இருப்பிடத்தில். 2021 ஜனவரியில் அவர் மறைந்தபோது, அவரை நேரில் பார்த்தேயிராத குடும்பங்களில்கூட விளக்கேற்றி வைத்தார்கள். நான் பார்த்தேன்.

இதெல்லாம் சரி, இனி சொல்லப்போவது கொஞ்சம் கசப்பு.

நோயாளிகளின் நன்றி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? யோசித்திருக்கிறீர்களா? ‘கஞ்சி இறங்குச்சா’ என்று கேட்டதற்கா ஒருவர் வாழ்நாள் முழுக்கக் கண் கலங்க வேண்டும்? சாதாரணமாகக் கேட்க வேண்டிய கேள்விதானே அது! ஆனால், நம் நோயாளி ஆஸ்பத்திரிப் படி ஏறும்போதே திட்டு வாங்கத் தயாராகித்தான் ஏறுகிறார். ‘அங்க நில்லு’, ‘ஃபைல் எங்க’, ‘நேத்தே சொன்னேன்ல’ என்று கேட்டே பழகியவருக்கு, ‘வாங்க, உட்காருங்க’ என்ற ஒரு வார்த்தை வரப்பிரசாதமாகிவிடுகிறது. அந்த நன்றியில் பாதி அந்த நல்ல மனுஷருக்குச் சேர வேண்டியது. மறுபாதி நமக்கு வெட்கம். இதில் அரசு, தனியார் என்ற பேதமெல்லாம் கிடையாது. கட்டணம் கூடினால் கனிவும் கூடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதை டாக்டர்களே கவனிப்பதில்லை. நன்றி அதிகமானால் நோயாளி வாயை மூடிக்கொள்கிறார்! ‘‘அந்தப் பொண்ணு அவ்வளவு நல்லா பார்த்துக்குது, இந்தச் சின்ன எரிச்சலுக்கெல்லாம் அதைத் தொந்தரவு பண்ணலாமா?’’ என்று நினைத்து, விழுங்க முடியாததை, ஒன்றுக்குப் போகும்போது கடுப்பதை, ரத்தம் பட்டதைச் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். குறிப்பாக நம் வீட்டுப் பெண்கள். ‘எப்படி இருக்கீங்க?’ என்றால், ‘உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்’ என்பார்கள். அங்கே எழுதியாகிவிடும், நலம் என்று. அம்மணி, உங்களுக்கு அந்த நர்ஸ் மேல் உண்மையில் பிரியம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிட முடியாமல் எடை குறைந்தால் மாஸ்க் லொடலொடவென்று தளர்ந்துவிடும், புதிதாகச் செய்ய வேண்டிவரும் என்பது தெரியுமா? உங்கள் சாப்பாட்டை அவர்கள் விசாரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குழையவிட்ட கஞ்சி, மோர், பருப்பு மசியல், ஆறவைத்த பால் என்று காரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுங்கள். முட்டை சேர்ப்பவர்கள் வேகவைத்துச் சேர்க்கலாம். வாய் கொப்பளிக்க உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீர் சொல்லியிருப்பார்கள். விடாமல் செய்யுங்கள்.

நன்றியை எப்படிக் காட்டுவது என்று கேட்பவர்கள் நிறைய. ஐநூறு ரூபாய் நோட்டைச் சுருட்டிக் கையில் திணிப்பது சரியில்லை. அடுத்து வரும் ஏழைக்கு அது விலைப்பட்டியலாகிவிடும். ஸ்வீட் பாக்ஸ் பரவாயில்லை. அதைவிட, ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதுங்கள். இன்ன தேதியில், இன்ன ஷிப்டில் இருந்த இன்னார் எனக்கு இப்படி உதவினார் என்று பெயரோடு எழுதி ஆஸ்பத்திரித் தலைவருக்கு அனுப்புங்கள். புகார்க் கடிதம் பெயரோடு போகிறது, பாராட்டு மட்டும் ஏன் வாய் வார்த்தையாகக் காற்றில் போக வேண்டும்? காலையிலிருந்து வரிசையாக ஆளைப் படுக்க வைத்து, எழுப்பி, மறுபடி படுக்க வைத்து நிற்கிற அந்த டெக்னீஷியன்களை நமக்கு யாரென்றே தெரியாது. மாலையும் பொன்னாடையும் டாக்டர்களுக்கே போய்விடுகின்றன. அது எனக்கு உறுத்துகிறது.

கடைசியாக வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத பெண் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். ‘பாட்டிகிட்ட போகாதே, கரண்ட் ஒட்டிக்கும்’ என்று பேரனை இழுத்துக்கொள்கிறாள் மருமகள். இதை என்னிடம் சொல்லி அழுதவர்கள் ஒருவர் இருவர் அல்ல. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. வெளியிலிருந்து வைக்கும் கதிர், மெஷினை நிறுத்திய நொடியே நின்றுவிடுகிறது. உடம்பில் எதுவும் தங்குவதில்லை. கதிர் மருந்தையே உள்ளே கொடுக்கிற சில சிகிச்சைகள் தனி. தைராய்டு புற்றுக்கு அயோடின் கொடுப்பது அதில் ஒன்று. அதற்கு எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்பதை அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். மற்றபடி, இன்று காலை கரண்ட் வைத்துக்கொண்டு வந்த பாட்டி மத்தியானம் பேரனை மடியில் போட்டுக்கொண்டு கதை சொல்லலாம். கோடு போட்ட இடத்தில் மட்டும் அவன் உதைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.