புழுதிக் காலமும் கடன் நோட்டும்

மழை பொய்த்த ஆண்டில் குடியானவர்களுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுக்கலாமா? ரொக்கம் வைத்தால் சரக்கு, இல்லையேல் இல்லை என்பதே பத்திரமான வழி என்று நம்மில் பலர் வாதிடுகிறார்கள். அந்த அன்பர்கள் 1930-களில் அமெரிக்காவில் நடந்ததைச் சற்றுப் பார்க்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

கான்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்கள் கூடும் தென் சமவெளி, கோதுமைச் சீமை. முதல் உலகப் போரின்போது ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ கோதுமை 2 டாலருக்கு விற்றது. அந்த ஆசையில் காலங்காலமாகக் கிடந்த புல்தரையை டிராக்டர் விட்டு உழுதார்கள். உழுதவர் எல்லோரும் குடியானவர் அல்லர். வெளியூரிலிருந்து வந்து, நிலத்தைப் பிடித்து, விதைத்துவிட்டுப் போய், அறுப்புக்கு மட்டும் தலைகாட்டியவர்களும் உண்டு. 'சூட்கேஸ் விவசாயிகள்' என்று அவர்களுக்குப் பெயர். அவர்களில் வியாபாரிகளும் இருந்தார்கள் என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1931-ல் கோதுமை அமோக விளைச்சல். விலையோ புஷலுக்கு 40 சென்ட்டுக்கும் கீழே போயிற்று. தவணை கட்ட வேண்டிய குடியானவர், விலைக் குறைவை ஈடுகட்ட இன்னும் அதிகமாக உழுதார். பிறகு மழை நின்றது. பிடித்து வைக்கப் புல்வேர் இல்லாத மண், காற்றோடு கிளம்பியது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை எழுந்த கரும்புழுதி பட்டப்பகலை இருட்டாக்கிவிட்டது.

அந்தக் குடும்பங்கள் ஜன்னல்களில் ஈரத்துணி தொங்கவிட்டன. சாப்பாடு பரிமாறும்வரை தட்டுகளைக் கவிழ்த்தே வைத்தன. புழுதி நுரையீரலில் இறங்கிக் குழந்தைகள் மாண்டனர். தீவனம் இல்லாமல் முட்செடியை மாட்டுக்குப் போட்டார்கள். மாவு வந்த துணிப்பையைப் பிரித்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். அதையறிந்த ஆலைக்காரர்கள் பூப்போட்ட துணியில் மாவுப் பை தைத்து விற்றார்கள். வியாபார புத்திதான், ஆனாலும் குறை சொல்ல மனம் வரவில்லை.

முட்டையும் பாலேடும் கொண்டுவந்து கொடுத்துக் காபியும் சர்க்கரையும் வாங்கிப் போவது அச்சீமைப் பெண்களின் வழக்கம். கோழியும் பசுவும் குறைந்தபின் கடைக்காரரின் நோட்டு ஒன்றே மிச்சம். 1930 முதல் 1933 வரை அந்நாட்டில் சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. ஊர்ப்புறத்தில் மளிகைக் கடையே வங்கியானது. கொடுத்த கடன் வசூலாகாமல் கடையை மூடியவர் பலர். தர்மத்தைப் பேசிவிட்டு நஷ்டத்தை மறைப்பது கணக்கு ஆகாது.

ஆனால் ஒன்று. புழுதி மிகுந்த பகுதியிலும் பெரும்பாலான குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. 1939-ல் மழை திரும்பியபோது விதைத்தவர்களும் சாமான் வாங்க வந்தவர்களும் அவர்களே. ரொக்கம் மட்டும் என்று கதவைச் சாத்தியிருந்தால் அந்த வாடிக்கை யாருக்கு மிஞ்சியிருக்கும்?

முழுச் சுமையும் கடைக்காரர் தலையில் விழுவது நியாயமல்ல. ஆரம்பத்தில் அரசு, விலைபோகாத உபரி உணவுப் பொருளைத் தானே கிடங்கு வைத்து ஏழைகளுக்கு வழங்கியது; கடைக்கு அதில் வேலையில்லை. 1939 மே மாதம் ரோச்செஸ்டர் நகரில் முறை மாறியது. ஒரு டாலருக்கு ஆரஞ்சு நிற ஸ்டாம்பு வாங்கினால், அரை டாலருக்கு நீல ஸ்டாம்பு இலவசம். நீல ஸ்டாம்புக்கு வெண்ணெய், முட்டை, மாவு, பீன்ஸ் போன்ற உபரிச் சரக்குகளை வழக்கமான மளிகைக் கடையிலேயே வாங்கலாம். கடைக்காரருக்கு அரசு பணம் கொடுத்தது. அதே ஆண்டில் ஓக்லஹோமாவின் ஷானி நகருக்கும் இது வந்தது. போர்க்காலத்தில், 1943-ல், நிறுத்தப்பட்டது.

வறட்சி நிவாரணம் கடை வழியாகவும் போகவேண்டும் என்று நம் சங்கம் கேட்பது தவறாகாது. அதற்குமுன் நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். மொத்த வியாபாரி ஒரு போகம் பொறுத்தாலன்றி, சில்லறைக் கடைக்காரர் குடியானவருக்குப் பொறுக்க முடியாது. எத்தனை நாள் தவணை, எவ்வளவு தொகைவரை தங்களால் தாங்கும் என்பதை மொத்த வியாபார அன்பர்கள் கணக்கோடு சங்கத்துக்கு எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.