கணினியை மாற்றுவதா?



தொழிற்சாலைகளில் பணிமுறை மாறும் வேளையில் வல்லக்கோட்டைச் சாலையோரம் நின்றால், நிறுவனப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லக் காணலாம். ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் டெல் கணினிகள் உருவாகின்றன. சுங்குவார்சத்திரத்தில் 2019 முதல் ஐபோன்கள் உருவாகின்றன. விண்டோஸ் உலகம், ஆப்பிள் உலகம் இரண்டுமே நம் பகுதிப் பிள்ளைகளின் கைகளைத் தொட்டுத்தான் செல்கின்றன.

அப்பேருந்தொன்றில் பணிக்குச் செல்லும் என் பழைய மாணவர் அண்மையில் வந்தார். "ஹஜ்ரத், மதரஸாவின் கணினியை ஒதுக்கிவிட்டு ஆப்பிளுக்கு மாறிவிடுங்கள். பி.காம். படிக்கும் தங்கைக்கும் அதையே தவணையில் வாங்கப் போகிறேன்" என்றார். உங்கள் இல்லத்திலும் இப்பேச்சு எழுந்திருக்கக்கூடும்.

எழக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்றும் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் மதரஸாவின் இயந்திரம் அத்தேர்வில் தேறவில்லை.

ஆப்பிள் இப்படிக் கைவிடாது என்றார் மாணவர். அது முழு உண்மையன்று. 2020-இல் அந்நிறுவனம் இன்டெல் செயலியை விட்டுத் தன் சொந்தச் செயலிக்கு மாறியது. 2025-இல் வந்த டஹோ பதிப்பே இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று அறிவித்துவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய மேக் வாங்குவோர் இதைக் கேட்டறிந்து வாங்குக.

தமிழுக்கு மேக்கில் குறையேதுமில்லை. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய எழுத்துருக்கள் அதிலேயே அமைந்துள்ளன. தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. எங்கள் இடர் வேறு. பல ஆண்டு வினாத்தாள்கள் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் உறங்குகின்றன. அம்மென்பொருள் இன்றைய மேக்கில் இயங்காது. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய ஏற்பாடு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்னும் சொல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாய்ச் சிதறி நிற்கும். கணினியை மாற்றுமுன் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். அதைச் செய்துவிட்டால் எந்தக் கணினியாயினும் ஒன்றே. செய்யாவிடில் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை. இது ஜமாஅத்தின் பணம். ஆதலால் எங்கள் பழைய இயந்திரத்தில் கட்டணமில்லா லினக்ஸை நிறுவிக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

தங்கையின் நிலை வேறு. கணக்கியல் மாணவிக்கு டாலி பழக வேண்டும். டாலி விண்டோஸுக்கென எழுதப்பட்டது. ஆப்பிளின் புதிய செயலிகளில் விண்டோஸை நேரடியாக நிறுவவும் இயலாது. இடையில் வேறொரு மென்பொருளை வைத்து ஓட்ட வேண்டும். படக்கலையோ ஒளிப்படத் தொகுப்போ பயில்பவளாயின் நானே மேக்கைப் பரிந்துரைத்திருப்பேன்.

என்னை உறுத்தியது அந்தத் தவணைதான். "வட்டியில்லாத் தவணை, ஹஜ்ரத்" என்று அழுத்திச் சொன்னார். அட்டையின் கணக்குத்தாளை எடுத்துவரச் சொன்னேன். முன்பு ஒரு கைப்பேசியை அப்படி வாங்கியிருந்தார். அதில் மாதந்தோறும் 'வட்டி' என்றே ஒரு வரி. அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. வட்டிக்கு ஈடான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, வங்கி அதை வட்டியாகவே வசூலிக்கிறது. சுழிய வட்டி என்று ஒன்றில்லை என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியுள்ளது. மார்க்க அறிஞர் கூறினால் தர்க்கம் செய்வோர் இதையாவது கேட்கலாமன்றோ! பெயரை மாற்றி வைத்ததால் பொருள் மாறிவிடாது என்றேன். அவர் நெடுநேரம் அத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் பணம் சேர்த்து, ரொக்கத்தில் ஓர் எளிய விண்டோஸ் மடிக்கணினி வாங்கித் தருவதாகத் தங்கையிடம் கூறியிருக்கிறார். அவளுக்குச் சிறு வருத்தமே. தோழியர் சிலரிடம் ஆப்பிள் உள்ளதாம்.

மதரஸாவில் யூனிகோடு மாற்றம் தொடங்கிவிட்டது. அக்காலத்தில் தமிழ் வினாவை அச்சிட்டு, அரபு வாசகத்துக்கு இடம் விட்டுக் கையால் எழுதுவோம். மாற்றிய கோப்புகளில் அவ்வெற்றிடங்கள் அப்படியே இருக்கின்றன. இப்போது அரபையும் அதிலேயே தட்டச்சு செய்து, ஒவ்வொன்றாக நிரப்பி வருகிறோம்.