மாறும் கருவியும் மாயும் இரவும்

ஈராண்டுக்கொரு முறை உளியை மாற்றிக்கொள் என்று எந்தத் தச்சனுக்கும் எவரும் கட்டளையிட்டதில்லை. வலைத்தளம் கட்டும் நிரலருக்கோ அதுவே வாழ்க்கையாகிவிட்டது.

கூகுள் நிறுவனம் 2010இல் ஆங்குலர் என்னும் கருவித்தொகுதியை வெளியிட்டது. அலுவலகங்கள் பல அதனை நம்பித் தளங்களை எழுப்பின. 2016இல் அந்நிறுவனமே அதனை அடியோடு மாற்றி எழுதிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. பழைய நிரலை அப்படியே புதியதில் ஏற்ற வழியில்லை. பழையதைப் பேணும் பணியும் 2021 இறுதியோடு நின்றது. இதற்கிடையே 2013இல் முகநூல் நிறுவனத்தின் இரியாக்ட்டு, 2014இல் வியூ!

மாற்றமே கூடாதென்பது பேதைமை. உலாவிகள் ஆளுக்கொரு வகையாய் நடந்துகொண்ட நாளில் அவ்வேறுபாட்டைச் சரிக்கட்டக் கருவிகள் வேண்டியேயிருந்தன. ஆனால் அலுவலக மேசையில் நடப்பது வேறு. மேலாளர் எங்கோ ஒரு புதுப்பெயரைக் கேட்டு வருகிறார். மறுநாள் காலைக் கூட்டத்தில் அது கட்டளையாகிறது. 'எனக்கு அது தெரியாது' என்று சொல்ல அம்மேசையில் இடமில்லை. சொன்னவர் நாற்பது அகவையிலேயே கிழவர்! ஆகவே தலையாட்டிவிட்டு வந்து, பிள்ளைகள் உறங்கியபின் விளக்கெரித்துப் படிக்கிறார். அவ்விரவுக்குரிய கூலி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இத்தனைக்கும் அடித்தளம் மாறவில்லை. செர்ன் ஆய்வகத்தில் பெர்னர்சு லீ 1991இல் வெளியிட்ட முதல் வலைப்பக்கத்தின் குறிமொழியை இன்றைய உலாவியும் படிக்கிறது. அதனை ஆழக் கற்றவரைத் தள்ளிவிட்டு, நேற்றுப் பிறந்த கருவியின் பெயரைச் சொல்பவரைத் தேரும் முறை ஒழியட்டும். கருவியை மாற்றுவது நிறுவனத்தின் விருப்பமெனில், அதனைக் கற்கும் நேரமும் நிறுவனத்தின் நேரமே. பகலிலேயே, அம்மேசையிலேயே, சம்பளக் கணக்கிலேயே.