பரீட்சை மேஜையின் மறுபுறம்

இருபது வருஷங்களுக்கு மேலாகப் பிள்ளைகளைப் பரீட்சை மண்டபத்துக்குள் அனுப்பிவிட்டு, வெளியே தாழ்வாரத்தில் உலாவிக் கொண்டிருப்பது நமது உத்தியோகம். சென்ற வருஷம் நாமே அநுமதிச் சீட்டும் இரண்டு பேனாவுமாகப் பெஞ்சியில் போய் உட்கார நேர்ந்தது. பரீட்சை பிரெஞ்சு பாஷையில். நமக்கு வயது 46.

பிரெஞ்சு நமக்கு முற்றிலும் புதிதன்று. கல்லூரியில் தமிழுக்குப் பதிலாக அந்தப் பாஷையை எடுத்துக் கொண்ட புண்ணியவான்களில் நாமும் ஒருவர். இலக்கிய ஆசையினாலா? இல்லை. மார்க்கு நிறைய வரும் என்று சொன்னார்கள், வந்தது. ஆனால் பட்டம் வாங்கிய மறுவருஷம் புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு பிரெஞ்சு மாது நம்மிடம் வழி விசாரித்தபோது, வாய் திறவாமல் கையினால் திசையைக் காட்டினோம். அந்த வெட்கம் மனத்தின் ஒரு மூலையில் அப்படியே கிடந்தது.

பிரெஞ்சுப் பரீட்சை என்றால் ஒன்றல்ல. ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட திட்டப்படி பாஷைத் தேர்ச்சிக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். 'டெல்ஃப்' என்னும் பரீட்சை, "இன்ன படியைத் தாண்டுவாயா?" என்று கேட்கும், தாண்டினால் ஆயுள் உள்ளளவும் செல்லும் அத்தாட்சி கிடைக்கும். இது பி2 வரையில். அதற்கு மேலே 'டால்ஃப்'. 'டி.ஸி.எஃப்.', 'டி.இ.எஃப்.' என்ற இரண்டும் வேறு ஜாதி. அவற்றில் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. தையற்காரர் நாடாவைப் பிடித்து அளப்பதுபோல், வந்தவர் எந்த உயரத்தில் நிற்கிறார் என்று அளந்து சொல்வதோடு சரி. அந்த அளவும் இரண்டு வருஷத்துக்கே செல்லும்.

இந்தப் பேதம் தெரியாமல் நம் அடுத்த வீட்டு அன்பர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர் கணக்கர், குடும்பத்தோடு கனடாவுக்குக் குடியேற வேண்டும் என்பது அவர் எண்ணம். பிரெஞ்சில் நான்கு திறமைகளிலும் குறித்த தரத்தை எட்டி, ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருந்தால், குடியேற்றக் கணக்கில் 50 புள்ளிகள் அதிகமாகச் சேரும். யாரோ 'டெல்ஃப் உயர்ந்தது' என்றார்களாம். எட்டு மாதம் இரவும் பகலும் படித்து, பி2 தேறி, தெரு முழுவதும் லட்டு வழங்கினார். அடுத்த வாரம் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: அந்தப் புள்ளிகளுக்குக் கனடாக்காரர்கள் ஏற்பது 'டி.இ.எஃப். கனடா', 'டி.ஸி.எஃப். கனடா' என்ற இரண்டை மட்டுமே. "வாத்தியார் ஸார், ஆயுள் பூராவும் செல்லும் அத்தாட்சி, எனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் செல்லாது" என்று சிரிக்க முயன்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை.

அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. எந்தப் பரீட்சை உயர்ந்தது என்று விசாரித்தாரேயன்றி, தம் காகிதத்தைக் கேட்கப் போகிறவர் யார் என்று அவர் முதலில் விசாரிக்கவில்லை. எத்தனை பிள்ளைகளை நாமே இவ்விதம் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறோமோ!

நம்மிடம் காகிதம் கேட்கப் போகிறவர் ஒருவருமில்லை. பழைய வெட்கம் ஒன்றுதான். ஆகவே டெல்ஃப் பி1 போதுமென்று தீர்மானித்தோம். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 25 மார்க்கு. மொத்தத்தில் 50 வந்தால் தேர்ச்சி. மாதிரிப் பரீட்சை ஒன்று எழுதிப் பார்த்தோம். வாசித்தல் 23, எழுதுதல் 20, பேசுதல் 14, கேட்டல் 4. ஆக 61. மார்பு நிமிர்ந்தது. நமக்குப் பாடம் சொல்லும் பெண்ணுக்கு வயது 24 இருக்கலாம். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்து, "பெயில், ஸார். எந்தப் பகுதியிலும் 5-க்குக் குறையக் கூடாது" என்றாள். நம் வகுப்பில் நாம் இதே செய்தியை எவ்வளவு சாவதானமாகச் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

குற்றம் காதில் இருந்தது. பிரெஞ்சில் 'குழந்தைகள்' என்பதைக் காகிதத்தில் 'லே', 'ஆன்ஃபான்' என்று இரு சொல்லாகப் படித்திருந்தோம். பேச்சிலோ, முதற்சொல்லின் இறுதியில் உறங்கிக் கிடக்கும் மெய் விழித்துக் கொண்டு, அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டி 'லெஸான்ஃபான்' ஆகிவிடுகிறது. 'மரம்', 'இல்லை' என்று தனித்தனியே கற்ற ஓர் அன்னியர், 'மரமில்லை' என்பதைக் கேட்டு, 'மில்லை' என்றால் என்னவென்று அகராதியைப் புரட்டுவது போன்றதே நம் கதி. எண்களோ இன்னும் மோசம். 97 என்பதை 'நான்கு இருபது, பத்து, ஏழு' என்று சொல்கிறார்கள். நாம் பெருக்கிக் கூட்டி முடிப்பதற்குள் ஒலிப்பதிவில் ரயில் புறப்பட்டுப் போய்விடும். (நம் 'தொண்ணூறு' மட்டும் நியாயமாக நடந்துகொள்கிறதா என்று கேட்காதீர்கள்.)

நாலு மாதம் விடியற்காலையில் பிரான்ஸின் வெளிநாட்டு வானொலி எளிய பிரெஞ்சில் வழங்கும் பத்து நிமிஷச் செய்தியைக் கேட்டோம். முதலில் எழுத்தைப் பாராமல் கேட்பது. பிறகு எழுத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பது. பிறகு கூடவே சொல்வது. ஒரே செய்தியை மூன்று நாள் விடாமல் அரைத்தோம். தினம் புதிதாகக் கேட்டதைவிட இது பலன் தந்தது. வீட்டம்மாள்தான், "பக்கத்து அறையில் யாரையோ வாடகைக்கு வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

பேச்சில் வேறு விதமான தொல்லை. பரீட்சையின் ஒரு பகுதியில், முன்னேற்பாடு எதுவுமின்றி ஒரு சிறு நாடகம் நடிக்க வேண்டும். வாங்கிய பாதரட்சையைக் கடையில் திருப்பிக் கொடுப்பது போன்ற விஷயந்தான். உபாத்தியாயர் புத்தி லேசில் விடுமா? வாயைத் திறந்தால் பெண்பாலா, ஆண்பாலா என்று நம்மை நாமே திருத்திக்கொண்டு நடுவழியில் நின்றுவிடுவோம். "தப்பாகவே இருக்கட்டும், ஸார், வாக்கியத்தை முடித்துவிடுங்கள்" என்றாள் அந்தப் பெண். பிள்ளைகளிடம் இந்த வார்த்தையை நாம் ஒருநாளும் சொன்னதில்லை.

பரீட்சையன்று நமக்கு இருபுறமும் கல்லூரி மாணவர்கள். ஒருவன் நம்மை மேற்பார்வையாளர் என்று எண்ணி எழுந்து நின்றான்! கேட்டலில் 14 வந்தது, தேறிவிட்டோம்.

அடுத்த வீட்டு அன்பர் இப்போது 'டி.ஸி.எஃப். கனடா'வுக்குப் பணம் கட்டியிருக்கிறார். அதில் 35 நிமிஷத்தில் 39 கேள்விக்குக் காதால் கேட்டு விடை குறிக்க வேண்டும். பி1-இல் நமக்குக் கிடைத்ததுபோல் இரண்டாந்தரம் கேட்கும் சலுகை கிடையாது. தினமும் சாயங்காலம் நமது திண்ணைக்கு வருகிறார். நாம் கடைக்காரர், அவர் பாதரட்சையைத் திருப்பித் தருகிறவர். நேற்று 97 யூரோ என்றோம். விரல் விட்டு எண்ணாமல் உடனே பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்.