ஒளித்து வைத்த கூலி



இரண்டாம் உலகப் போரைப் பற்றி எழுதுவோர் தளபதிகளைப் புகழ்வர். டாங்கிகளையும் விமானங்களையும் கணக்கெடுப்பர். அந்த டாங்கிகளும் விமானங்களும் எந்த எண்ணெயில் ஓடின, அதைக் கடல் கடந்து கொண்டுவந்து சேர்த்தவர்கள் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. இம்மாதம் உங்களை 'வான்யா' என்னும் நார்வே நாட்டு எண்ணெய்க் கப்பலுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

1940 ஏப்ரல் 9ஆம் நாள் ஜெர்மனி நார்வேயின் மீது படையெடுத்தது. அன்று அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 30 இலட்சம் மட்டுமே. ஆனால் அதன் வணிகக் கப்பல் தொகுதியோ உலகில் நான்காவது பெரியது. எண்ணெய்க் கப்பல்களில் பல புத்தம் புதியவை. படையெடுப்பின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நார்வே கப்பல்கள் தாய்நாட்டுக்கு அப்பால் உலகக் கடல்களில் சிதறி நின்றன. "திரும்பி வாருங்கள்" என்று எதிரியின் வசம் வீழ்ந்த வானொலி அவற்றை அழைத்தது. கப்பல் தலைவர்கள் செவிசாய்க்கவில்லை. அதே மாதம் 22ஆம் நாள் நார்வே அரசு அக்கப்பல்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அவற்றை நடத்த இலண்டனில் 'நார்ட்ராஷிப்' என்னும் நிறுவனம் தோன்றியது. நாட்டை இழந்த ஓர் அரசின் கையில், உலகிலேயே மிகப் பெரிய கப்பல் நிறுவனம்! வரலாற்றில் இத்தகைய விந்தை அரிது.

அந்தக் கப்பல்களில் பணிபுரிந்தவர்கள் படைவீரர்கள் அல்லர்; சம்பளத்துக்குக் கப்பலேறிய மாலுமிகள், சமையற்காரர்கள், இயந்திர அறைத் தொழிலாளர்கள். ஐந்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 30,000 பேர் இப்படிப் பணியாற்றினர்.

போர்க்காலத்தில் கப்பல்கள் தனித்துச் செல்வது ஆபத்து. ஆகவே பல கப்பல்களை வரிசை வரிசையாக நிறுத்தி, சுற்றிலும் போர்க்கப்பல்களைக் காவலுக்கு வைத்து அனுப்பினர். இதற்குக் கான்வாய் என்று பெயர். கான்வாயில் மிக மெதுவான கப்பலின் வேகமே அனைவருக்கும் வேகம். இரவில் ஒரு விளக்கும் வெளியே தெரியலாகாது. புகைபோக்கியிலிருந்து கரும்புகை எழலாகாது. அருகிலுள்ள கப்பலுடன் மோதாமல் இருட்டில் இடைவெளி காத்து ஓட்டுவதே ஒரு தனி வித்தை. எல்லாவற்றிலும் கொடிய விதி ஒன்றுண்டு. பக்கத்துக் கப்பல் டார்பிடோவால் தாக்கப்பட்டு, அதன் ஆட்கள் நீரில் தத்தளித்தாலும், வரிசையிலுள்ள மற்றக் கப்பல்கள் நிற்கக் கூடாது. நின்றால் அடுத்த டார்பிடோ நின்ற கப்பலுக்குத்தான். கண்ணெதிரே கையசைத்தவனை விட்டுச் சென்ற மனிதன் பின்பு எப்படி உறங்குவான்?

எண்ணெய்க் கப்பலில் உறக்கம் ஏற்கெனவே அரிது. தாக்குண்ட கப்பலில் எண்ணெய் தீப்பற்றினால், குதித்துத் தப்பக் கடலும் இராது. கடலின் மேற்பரப்பே எரியும்.

1942 டிசம்பர் 28ஆம் நாள் தென் அமெரிக்காவின் வடகரையை ஒட்டிய டிரினிடாட் தீவிலிருந்து ஒன்பது எண்ணெய்க் கப்பல்கள் ஜிப்ரால்டர் நோக்கிப் புறப்பட்டன. முந்தைய மாதம் வட ஆப்பிரிக்காவில் இறங்கியிருந்த நேசநாட்டுப் படைகளுக்கு அந்த எண்ணெய் இன்றியமையாதது. இந்தக் கான்வாய்க்கு 'டி.எம். 1' என்று குறியீடு. ஒன்பதில் வான்யா, நார்விக், மினிஸ்டர் வெடல், ஆல்பர்ட் எல். எல்ஸ்வொர்த் ஆகியவையும் இருந்தன. காவலுக்கு வந்தவையோ நான்கே சிறு போர்க்கப்பல்கள். அவற்றின் ராடார் கருவிகளிலும் சில வழியில் பழுதாயின.

ஜனவரி 3ஆம் நாள் முதற் கப்பல் தாக்குண்டது. தெற்கே விலகிச் செல்லுமாறு இலண்டனிலிருந்து ஆலோசனை வந்தது. காவற்கப்பல்களுக்கு நடுக்கடலில் எரிபொருள் நிரப்ப வேண்டுமே, அதற்கு வடக்கில்தான் கடல் அமைதியாக இருக்கும் என்று எண்ணிய காவற்படைத் தலைவர் வடபுறமே சென்றார். அங்கே நீர்மூழ்கிகளின் கூட்டம் காத்திருந்தது. அவரை இன்று குறை கூறுவது எளிது. எரிபொருள் தீர்ந்த காவற்கப்பல் யாரையும் காக்காது என்பதும் உண்மையல்லவா?

ஜனவரி 8ஆம் நாள் இரவு தொடங்கிய தாக்குதலில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. நார்விக், மினிஸ்டர் வெடல், ஆல்பர்ட் எல். எல்ஸ்வொர்த் மூன்றும் போயின. அவற்றின் பணியாளரில் பெரும்பாலோரைக் காவற்கப்பல்கள் மீட்டது ஓர் ஆறுதல். மூழ்கிய பிரிட்டிஷ் கப்பல்களில் மாண்டவர் பலர். ஜனவரி 14ஆம் நாள் ஜிப்ரால்டரை அடைந்த எண்ணெய்க் கப்பல்கள் இரண்டே. ஒன்று கிளியோனா, மற்றொன்று நம் வான்யா.

கரையேறியவர்கள் வீட்டுக்குச் செல்ல இயலாது. வீடு எதிரியின் ஆட்சியில் இருந்தது. மனைவி மக்கள் உயிருடன் உள்ளனரா என்று அறியாமலே ஐந்தாண்டுகள் கழித்தவர் உண்டு. சபராளியின் கடிதத்துக்குக் காத்திருக்கும் வீட்டின் நிலையை நம் வாசகியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போர் முடிவதற்குள் நார்ட்ராஷிப் இழந்த கப்பல்கள் ஏறத்தாழ 500. கடலில் மாண்ட மாலுமிகள் மூவாயிரத்துக்கும் மேல்.

இனி அவர்களது கூலிக்கு வருவோம். ஆபத்தான கடலில் செல்வதற்காக நார்வே மாலுமிகளுக்குப் போர்க்காலப் படி வழங்கப்பட்டது. அது பிரிட்டிஷ் மாலுமிகளின் படியைவிட அதிகம். எங்கள் ஆட்கள் மனம் குமைவர் என்று பிரிட்டன் முறையிட்டது. உடனே படி குறைக்கப்பட்டு, மிச்சத் தொகை ஒரு தனி நிதியில் சேர்க்கப்பட்டது. அந்த நிதி இரகசியமாகவே வைக்கப்பட்டது. பிரிட்டனின் முறையீட்டில் ஓரளவு நியாயம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். உழைத்தவனிடமிருந்தே மறைத்ததற்கு என்ன நியாயம்?

போர் ஓய்ந்தபோது நிதியில் 4 கோடி குரோனருக்கு மேல் இருந்தது. தங்கள் பங்கு தங்கள் கைக்கு வரும் என்று மாலுமிகள் நம்பினர். 1948இல் நார்வே நாடாளுமன்றமோ, அதைத் தனித்தனியே பகிர்வதில்லை. விதவைகளுக்கும் வறியோருக்கும் உதவியாகத் தரலாம் என்று முடிவு செய்தது. விதவைக்கு உதவுவதை யார் மறுப்பார்? ஆனால் அதற்கு எடுக்கப்பட்டது அரசின் பணமன்று. மாலுமிகள் வழக்குத் தொடர்ந்தனர். 1954இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றனர். இதற்கிடையில் நடுக்கமும் தூக்கமின்மையும் குடிப்பழக்கமும் பலரைத் தின்றுகொண்டிருந்தன. அது நோய்தான் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுப் பெயரிடப் பல ஆண்டுகள் ஆயின.

1972இல்தான் நாடாளுமன்றம் மனம் இரங்கியது. கடலில் கழித்த மாதம் ஒன்றுக்கு 180 குரோனர் வீதம், மொத்தம் 15 கோடியே 50 இலட்சம் குரோனர் ஒதுக்கப்பட்டது. அதுவும் கடனைத் தீர்ப்பதாக அன்று, நல்லெண்ணக் கொடையாக. அதைக் காண இல்லாதவர் எத்தனையோ பேர்.

தன் கடலோடிகளை நடத்திய விதத்துக்காக நார்வே அரசு 2013இல் வருத்தம் தெரிவித்தது. டி.எம். 1 கான்வாயில் இருபது வயதில் சென்ற ஒருவர் அன்று உயிருடன் இருந்திருந்தால், அவருக்குத் தொண்ணூறு வயது.